சேந்தமங்கலத்துச் சிறையில் ஒரு சக்கரவர்த்தி

பேரரசுகளின் அந்தி – 17

கி.பி. 476-இல் நிற்கிறோம். ரோமப் பேரரசின் படையில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த ஜெர்மானியத் தளபதி ஓடோவாக்கர். அவனுடைய வீரர்கள் இத்தாலிய நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு கேட்டார்கள். அரியணையில் இருந்தவன் ரோமுலுஸ் அகுஸ்துலுஸ் என்ற சிறுவன். அதிகாரமெல்லாம் அவன் தகப்பன் ஒரெஸ்தேஸிடம். தகப்பன் மறுத்தான், கொல்லப்பட்டான். பையனுக்கு உயிர்ப்பிச்சையும் ஆண்டுக்கு ஒரு தொகையும் கொடுத்து, தெற்கே கம்பானியாவுக்கு அனுப்பிவிட்டான் ஓடோவாக்கர். அரச சின்னங்களை மூட்டை கட்டிக் கான்ஸ்டான்டிநோப்பிளில் இருந்த கிழக்குப் பேரரசன் சீனோவிடம் சேர்ப்பித்தான். மேற்கே தனியாக ஒரு பேரரசன் இனி வேண்டாம், உங்கள் பெயரால் நானே பார்த்துக்கொள்கிறேன் என்பது அதன் பொருள். சென்ற இதழில் இதுவரை வந்திருந்தோம்.

முறைப்படி இந்த வாரம் கிழக்குக் கோத்தர் தலைவன் தியோடெரிக் இத்தாலிக்குள் நுழைய வேண்டும். அதற்கு முன் உளுந்தூர்பேட்டை வரை ஒரு நடை போய்வருவோம். சென்னை–திருச்சி சாலையில் போகிறவர்களுக்கு உளுந்தூர்பேட்டை என்றால் சுங்கச்சாவடி, சேலத்துக்குச் சாலை பிரியும் இடம், ஒரு தேநீர். அதே வட்டத்தில், கெடிலத்தின் பக்கம், சேந்தமங்கலம் என்றொரு ஊர் இருக்கிறது. 1231-இல் சோழச் சக்கரவர்த்தி மூன்றாம் இராசராசன் அங்கேதான் சிறையிருந்தான். சிறை வைத்தவன் எங்கிருந்தோ படையெடுத்து வந்த மன்னனில்லை. சோழர் கொடுத்த காவலுரிமையில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த குடும்பத்துப் பிள்ளை: காடவராயன் கோப்பெருஞ்சிங்கன்.

ரோமில் நடந்ததை விளங்கிக்கொள்ள இதைவிடப் பொருத்தமான உரைகல் நமக்குக் கிடைக்காது. ஒரு வேறுபாட்டை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெர்மானியரான கோத்தர்கள் 376-இல் ஹூணர்களுக்குப் பயந்து தான்யூப் ஆற்றைக் கடந்து வந்தவர்கள்; பேச்சு வேறு, பழக்கம் வேறு. காடவர்கள் இந்த மண்ணுக்காரர்கள். ஆகவே இனங்களின் இடப்பெயர்ச்சியை இங்கே தேட வேண்டாம். ஒரு பேரரசு தன் வேலையைப் பிறர் கையில் கொடுத்துப் பழகினால் என்ன நடக்கும் என்பதைத்தான் பார்க்கப்போகிறோம்.

ரோம் என்ன செய்தது? 378-இல் அட்ரியானோப்பிளில் கோத்தர்கள் ஒரு பேரரசனையே சாய்த்தபின், 382-இல் அவர்களோடு உடன்படிக்கை போட்டது. நிலம் தருகிறோம், எங்களுக்காகப் போரிடுங்கள் என்றது. 418-இல் இன்னும் ஒரு படி போய், கால் (Gaul) நாட்டின் தென்மேற்கில் அக்விட்டேனியாவை விசிகோத்தர்களுக்குக் குடியிருப்பாகவே கொடுத்தது. வரி வசூலித்துச் சம்பளம் கொடுப்பதைவிட நிலத்தைக் கொடுத்துவிடுவது சுலபம். அன்றைக்குச் சுலபம்.

சோழர் ஆட்சியில் இதற்கு ஈடாக இருந்தது பாடிகாவல். ஒரு வட்டாரத்து ஊர்களைக் கள்வர், பகைவரிடமிருந்து காப்பது ஒரு பொறுப்பு. அதற்காக ஊரிடமிருந்து பாடிகாவல் வரி பெறுவது ஓர் உரிமை. பதினோராம் நூற்றாண்டில் இராசராசனும் இராசேந்திரனும் தலைவர்களை அடக்கி வைத்திருந்தார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிடி தளர்ந்தது. பாடிகாவல் பரம்பரைச் சொத்தானது. திருமுனைப்பாடி நாட்டில் கூடலூர்க் காடவர்கள், திருக்கோவலூர்ப் பக்கம் மலையமான்கள், வடக்கே சம்புவராயர்கள், மேற்கே ஆறகழூரில் வாணகோவரையர்கள் என்று நடுநாடு முழுவதும் ஒரு காவற்காரப் பிரபுக்கள் வரிசை எழுந்தது. எல்லோரும் சக்கரவர்த்தியின் பெயரைத் தங்கள் பெயருக்கு முன்னால் சூட்டிக்கொண்டார்கள்: குலோத்துங்கசோழக் காடவராயன், இராசராசச் சேதிராயன், இப்படி. பெயரளவில் விசுவாசத்துக்குக் குறைவில்லை. ஆனால் மூன்றாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டுகளைப் புரட்டினால் இந்தத் தலைவர்கள் தங்களுக்குள்ளேயே உடன்படிக்கை எழுதிக்கொள்வதைப் பார்க்கலாம். நீ என்னை விட்டுப் போகக்கூடாது, நான் உன் பகைவனோடு சேரமாட்டேன் என்கிற வகை. அதைக் கோயில் சுவரில் வெட்டியும் வைத்தார்கள். சக்கரவர்த்தி உயிரோடு இருக்கையில், அவன் ஆட்சியாண்டைத் தலைப்பில் போட்டுவிட்டு, அவனைக் கேளாமல் செய்த ஒப்பந்தங்கள் இவை.

காடவர்கள் பழம்பெருமையும் பேசினார்கள். விருத்தாசலத்தில் 1186-இல் வெட்டிய கல்வெட்டு அவர்களுடைய முன்னோர் வரிசையைப் பாட்டாகவே சொல்கிறது. தாங்கள் பல்லவர் வழி என்பது அவர்கள் கட்சி. காடவன் என்பது பல்லவ மன்னர்களுக்கே இருந்த பட்டம்தான், ஆகவே அதை அடியோடு தள்ளவும் முடியாது, இரத்த உறவென்று நிறுவவும் முடியாது. ஐரோப்பாவில் ஜெர்மானியரான ஃபிராங்குகளும் தாங்கள் டிராய் நகரத்திலிருந்து வந்தவர்கள் என்று ஏழாம் நூற்றாண்டில் எழுதிவைத்துக்கொண்டார்கள். புதிதாகப் பதவிக்கு வருகிறவனுக்குப் பழைய வீட்டு விலாசம் ஒன்று வேண்டியிருக்கிறது.

சோழ நாட்டுக்கு முதல் அடி தெற்கிலிருந்து விழுந்தது. மூன்றாம் குலோத்துங்கனின் கடைசிக் காலத்தில் மாறவர்மன் சுந்தர பாண்டியன் வந்து தஞ்சையையும் உறந்தையையும் கொளுத்தினான். நாட்டைப் பிடித்து, பிறகு சோழனுக்கே திருப்பிக் கொடுத்து, 'சோணாடு வழங்கியருளிய' என்று அதையே பட்டமாக்கிக்கொண்டான். ஒருவனுடைய நாட்டை அவனுக்கே தானம் கொடுப்பதில் உள்ள ஏளனத்தை மதுரைக்காரர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். கன்னட நாட்டுப் போசளர் தலையிட்டதால்தான் அந்த மீட்பு நடந்தது. அதற்கு ஈடாகப் போசளர் காவிரிக் கரையில் காலூன்றினார்கள்.

மூன்றாம் இராசராசன் 1216-இல் இளவரசுப் பட்டம் ஏற்றவன். இவன் காலத்தில் மறுபடியும் பாண்டியனோடு மோதல், மறுபடியும் தோல்வி. வடக்கு நோக்கித் தப்பினான். வழியில் தெள்ளாற்றில் கோப்பெருஞ்சிங்கன் மறித்தான். இன்றைய வந்தவாசிப் பக்கத்துத் தெள்ளாறுதான். காடவன் அந்த இடத்தை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தானா, தானாக அமைந்ததா, எனக்குத் தெரியாது. ஆனால் பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் ஒன்பதாம் நூற்றாண்டில் பெரும் வெற்றி பெற்று 'தெள்ளாறெறிந்த' என்று பெயர் வாங்கியது அதே களத்தில். பல்லவ வாரிசு என்று சொல்லிக்கொண்டவனுக்கு இதைவிடத் தோதான களம் வாய்க்காது. வயலூர்க் கல்வெட்டு இந்த வெற்றியைக் காடவன் தரப்பிலிருந்து சொல்கிறது: சோழனைத் தெள்ளாற்றில் வென்றான், அவனுடைய அரச சின்னங்களையெல்லாம் பறித்தான், அமைச்சரோடு சிறையிலிட்டான், சோழ நாட்டைக் கொண்டான். இத்தாலியின் ராவென்னாவில் மூட்டை கட்டியதும் அரச சின்னங்களைத்தான். ஓடோவாக்கர் அவற்றை அனுப்பிவிட்டான், காடவன் தானே வைத்துக்கொண்டான்.

இனி எதிர்த்தரப்பு. கடலூருக்குப் பக்கத்தில் திருவந்திபுரம் பெருமாள் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இராசராசனின் பதினாறாம் ஆட்சியாண்டை ஒட்டியது, அதாவது 1231–32. நம் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை நிலம், நெல், விளக்கு, ஆடு என்று கணக்குப் பேசுபவை. இது போர்ச்செய்தி பேசுகிறது. தளபதிகள் எந்தெந்த ஊரை எப்படி அழித்தார்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிற நடை. ஒரு முறையாவது நேரில் நின்று படிக்க வேண்டிய கல்.

செய்தி போசள மன்னன் வீர நரசிம்மனுக்குத் துவாரசமுத்திரத்தில் கிடைக்கிறது. சோழச் சக்கரவர்த்தியைக் கோப்பெருஞ்சிங்கன் சேந்தமங்கலத்தில் பிடித்து வைத்திருக்கிறான். அவன் படை நாட்டை அழிக்கிறது. கோயில்களும் விஷ்ணு தலங்களும் பாழாகின்றன. சோழ மண்டலத்தை மீண்டும் நிலைநிறுத்தியவன் என்ற கீர்த்தியைப் பெறாமல் என் காளம் ஊதாது என்கிறான் நரசிம்மன். புறப்படுகிறான். வழியில் மகர ராச்சியத்தை நிர்மூலமாக்கி, அதன் அரசனையும் பெண்டிரையும் பண்டாரத்தையும் பிடிக்கிறான். ஆறகழூரைத் தலைமையாகக் கொண்ட மகதை நாடுதான் இது என்று ஆய்வாளர் பலர் கொள்வர். கல்வராயன் மலைக்குத் தெற்கே இருக்கும் நாடு. நரசிம்மன் திருவரங்கத்துப் பக்கம் பாச்சூரில் தங்கிக்கொண்டு, அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் என்ற இரண்டு தண்டநாயகர்களை அனுப்புகிறான்.

இருவரும் கோப்பெருஞ்சிங்கன் தங்கியிருந்த ஊர்களை அழிக்கிறார்கள். அவனுடைய அதிகாரி சோழகோன் இருந்த தொழுதகையூரை அழிக்கிறார்கள். எதிர்த்து நின்ற முதலிகளை வெட்டுகிறார்கள். நடுவே சிதம்பரம் வருகிறது. பொன்னம்பலத்தில் கும்பிடுகிறார்கள். கும்பிட்ட கையோடு மறுபடி புறப்பட்டு, காடுகளை வெட்டிக்கொண்டு திருப்பாதிரிப்புலியூர் வருகிறார்கள். பிறகு திருவதிகை முதலான ஊர்கள். சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே ஊர்களைக் கொளுத்தி, பெண்களைப் பிடித்து, கொள்ளையிட்டதைக் கல்வெட்டு மறைக்கவில்லை; பெருமையோடு சொல்கிறது. கோயில்களைக் காப்பாற்ற வந்தவர்கள் அப்பர் சூலைநோய் தீர்ந்த திருவதிகையில் இதைச் செய்துகொண்டு போகிறார்கள்.

சேந்தமங்கலத்தை முற்றுகையிடும் நேரம். கோப்பெருஞ்சிங்கன் பாச்சூருக்கே நேராகத் தூது அனுப்பிவிடுகிறான்: சக்கரவர்த்தியை விட்டுவிடுகிறேன். நரசிம்மன் தளபதிகளுக்குச் சொல்லியனுப்ப, இராசராசனை வெளியே அழைத்துவந்து அவன் நாட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். கல்வெட்டு இங்கே முடிகிறது. கோப்பெருஞ்சிங்கனுக்குத் தண்டனை என்ன? ஒன்றுமில்லை. அவன் ஊர் அவனிடமே, கோட்டை அவனிடமே. நரசிம்மனுக்குத் தேவைப்பட்டது ஒரு பட்டமும், போசளருக்குக் கட்டுப்பட்ட ஒரு சோழனும். காடவனை ஒழித்துக்கட்டினால் அந்த இடத்துக்குப் பாண்டியன் வந்துவிடுவான்.

சீனோ போட்ட கணக்கும் ஏறக்குறைய இதுதான். ஓடோவாக்கர் இத்தாலியில் பலப்படுகிறான். தியோடெரிக்கின் கிழக்குக் கோத்தர்கள் கான்ஸ்டான்டிநோப்பிள் வாசலில் தொல்லை கொடுக்கிறார்கள். 488-இல் தியோடெரிக்கை இத்தாலிக்கு அனுப்பிவிட்டான் சீனோ. யார் வென்றாலும் ஒரு தொல்லை குறையும். 493-இல் சமாதானம் பேசி, விருந்துக்கு அழைத்து, தன் கையாலேயே ஓடோவாக்கரை வெட்டினான் தியோடெரிக்.

போசளர் கல்வெட்டில் விஷ்ணு தலங்கள் பாழாவதாகச் சொன்ன அந்த வரியைக் கொஞ்சம் கவனியுங்கள். கோப்பெருஞ்சிங்கன் தீவிரச் சைவன். கல்வெட்டு இருப்பதோ பெருமாள் கோயிலில். போரில் கோயில் சேதமாகியிருக்கலாம். ஆனால் கப்பம், எல்லை, மண உறவு என்று நூறு காரணங்கள் உள்ள சண்டைக்குத் தெய்வத்தின் பெயரால் ஒரு காரணம் சொன்னால் ஊர் ஒப்புக்கொள்ளும். ஐரோப்பாவில் கோத்தர்களும் இன்னொரு ஜெர்மானிய இனமான வாண்டல்களும் கிறித்தவர்களே. ஆனால் ஆரியுஸ் வழிக் கிறித்தவர்கள். மகன் பிதாவுக்குச் சமமானவரில்லை என்பது அவர்கள் கொள்கை. ரோமத் திருச்சபைக்கு அது மதப்புரட்டு. ஆகவே அவர்களோடு பகைத்தவர்களுக்கு ஆயத்தமான காரணம் கையில் இருந்தது. ஃபிராங்கு மன்னன் குளோவிஸ் இதைச் சரியாகக் கணித்தான் என்பது என் எண்ணம். ரீம்ஸ் ஆயர் ரெமிஜியுஸ் கையால் நேரே கத்தோலிக்க ஞானஸ்நானம் பெற்றான். 496 என்பது மரபாகச் சொல்லும் ஆண்டு. சிலர் பத்தாண்டு தள்ளிப் போடுவார்கள். பிறகு விசிகோத்தர்மேல் படையெடுத்தபோது அது புனிதப் போராகிவிட்டது.

நம் காடவனிடம் திரும்புவோம். கோப்பெருஞ்சிங்கன் ஒருவனா இருவரா என்று வரலாற்றறிஞர்கள் நெடுங்காலம் வாதாடினார்கள். தகப்பன், மகன் என இருவர் என்பதே இப்போது பெரும்பான்மைக் கருத்து. சோழனைச் சிறைவைத்தவன் தகப்பன். 1243-இல் பட்டமேற்று முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆண்டவன் மகன். இருவருமே சூட்டிக்கொண்ட பட்டம் சகலபுவனச் சக்கரவர்த்தி. பாடிகாவற்காரன் பேரன் இனி யாருடைய பெயரையும் முன்னொட்டாகச் சுமக்க வேண்டியதில்லை. தன் ஆட்சியாண்டையே போட்டுக் கல்வெட்டு வெட்டலாம். அவனி ஆளப்பிறந்தான் என்ற பெயரும் உண்டு.

ஆனால் சக்கரவர்த்தி என்று கல்லில் வெட்டிவிட்டால் போதாது. சோழர் குலத்தின் தெய்வம் தில்லைக் கூத்தன். அங்கே கொண்டுபோய்ச் செலவழித்தால்தான் நாடு ஒப்பும். காடவர்கள் தில்லையில் கோபுரம் எடுத்தார்கள். தென்கோபுரத்துக்குச் சொக்கச்சீயன் திருநிலை எழுகோபுரம் என்று தகப்பன் பெயரே வழங்கியது. கிழக்குக் கோபுரம் மேருவை ஒத்தது, நான்கு திசையும் வென்ற செல்வத்தில் கட்டியது என்று மகனுடைய கல்வெட்டு சொல்கிறது. கோபுரவாயிலின் பரதக் கரணச் சிற்பங்களை மேலே அண்ணாந்து பார்க்கிறவர்கள், பரதம் வல்ல பெருமாள் என்று அவனுக்கு ஒரு பட்டம் இருந்ததையும் நினைத்துக்கொள்ளலாம். சாகித்திய இரத்னாகரன் என்பது இன்னொன்று. 1262-இல் கோதாவரிக் கரையோரம் திராட்சாராமம் வரை போய் அங்கேயும் வடமொழியில் தன் புகழை வெட்டிவைத்தான். உளுந்தூர்பேட்டை வட்டத்து மன்னன் ஒருவன் ஆந்திரக் கடற்கரையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

விருத்தாசலத்தில் இன்னொரு கல்வெட்டு. பெரம்பலூரில் கேசவன், அரிகரன் முதலிய போசளத் தண்டநாயகர்களைக் கொன்று, அவர்களுடைய பெண்டிரையும் பொருளையும் கைப்பற்றியபின், அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாகத் திருமுதுகுன்றத்து இறைவனுக்கு நெற்றிப் பட்டம் ஒன்று கொடுத்தான் காடவன். அதற்கும் அவனியாளப்பிறந்தான் என்றே பெயர். தவறுக்கு வருந்துகிற காணிக்கைக்கும் உலகாளப் பிறந்தவன் என்ற தன் பெயரையே வைக்க ஒரு தனி மனம் வேண்டும். 390-இல் தெசலோனிக்கா மக்களைக் கொன்று குவித்த பேரரசன் தியோடோசியுஸை மிலான் ஆயர் அம்புரோசு பாவமன்னிப்புக்கு நிற்கவைத்தார். அங்கே ஆயர் கட்டளையிட்டார், அரசன் பணிந்தான். விருத்தாசலத்தில் அரசனே பரிகாரத்தைத் தீர்மானித்து அரசனே செலுத்தினான். இந்த வேறுபாட்டுக்குக் கடைசியில் வருகிறேன்.

1251-இல் மதுரையில் சடையவர்மன் சுந்தர பாண்டியன் பட்டமேறினான். சேரன், போசளன், தெலுங்குச் சோழன், காகதியன் என்று யாரையும் விட்டுவைக்காதவன். காடவன் கப்பம் கொடுத்தனுப்பினான். பாண்டியன் அதை வாங்கவே மறுத்துவிட்டுச் சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டான். யானை, குதிரை, கருவூலம் எல்லாம் போயின. பிறகு நாட்டை மட்டும் காடவனிடமே கொடுத்துவிட்டான். முந்தைய சுந்தர பாண்டியன் சோழனுக்குச் செய்த அதே ஏளனம். அதன்பின் கோப்பெருஞ்சிங்கன் இருபது ஆண்டு போல இருந்தான், பாண்டியனுக்கு அடங்கியவனாக. அவன் கல்வெட்டுகள் 1279-உடன் நின்றுபோகின்றன. கடைசிச் சோழன் மூன்றாம் இராசேந்திரனின் கல்வெட்டும் அதே 1279-உடன்தான் நிற்கிறது. சிறைவைத்தவன் வம்சமும் சிறையிருந்தவன் வம்சமும் ஒரே ஆண்டில் கல்லிலிருந்து மறைகின்றன. அப்போது ஆண்ட பாண்டியன் குலசேகரனுக்கு இரண்டுமே தேவைப்படவில்லை.

ஆகவே கோப்பெருஞ்சிங்கனைக் குளோவிஸோடு ஒப்பிட எனக்கு மனமில்லை. அவன் தியோடெரிக்கின் சாதி. தியோடெரிக் செனட்டைக் காப்பாற்றினான், ரோமச் சட்டத்தை வைத்துக்கொண்டான், காசியோடோருஸ் போன்ற இலத்தீன் எழுத்தாளனை அமைச்சனாக்கினான், ராவென்னாவில் இன்றும் பார்க்கக்கூடிய தேவாலயங்களை எழுப்பினான். பேரரசின் நடுக்கூடத்தில் உட்கார்ந்து, அதன் உடையையே அணிந்துகொண்டவன். நடுக்கூடத்துக்கு எப்போதும் வேறு உரிமைக்காரர் உண்டு. அவன் இறந்து பத்தாண்டு ஆகுமுன் கிழக்குப் பேரரசன் ஜஸ்டினியனின் படை இத்தாலியில் இறங்கியது. இருபதாண்டுப் போரில் கோத்தர் ஆட்சி இருந்த சுவடில்லாமல் போயிற்று. வாண்டல்களின் கார்த்தேஜ் அதற்கு முன்பே, 534-க்குள் விழுந்துவிட்டது. நடுநாடும் அப்படி ஒரு நடுக்கூடம்தான்: வடக்கே காஞ்சி, தெற்கே காவிரி, மேற்கே கணவாய் வழியே போசளர். அங்கே சிறிய அரசனாகவும் நிம்மதியாக இருக்க முடியாது, பெரிய அரசனாகவும் நீடிக்க முடியாது.

ஃபிராங்குகளுக்கு வாய்த்தது தூரம். கால் நாட்டின் வடக்குக்கு ஜஸ்டினியனின் கப்பல்கள் போகவில்லை. இரண்டாவதாக, அவர்களுக்கு ஆயர்கள் கிடைத்தார்கள். ரோம ஆட்சி கலைந்த நகரங்களில் கணக்கு, வழக்கு, தானியக் கிடங்கு, கடிதப் போக்குவரத்து எல்லாவற்றையும் வைத்திருந்தவர் ஆயர். அவர் அரசனுக்கு அடங்கியவர்போல் இருப்பார். வேண்டிய இடத்தில் அரசனை நிறுத்தவும் செய்வார். அரசகுலம் மாறினாலும் அவர் மாறமாட்டார். யார் அரசன் என்று சொல்லும் உரிமையையும் மெல்ல எடுத்துக்கொண்டார். 751-இல் குளோவிஸின் வம்சத்துக் கடைசி மன்னன் சில்டெரிக்கின் நீண்ட கூந்தலை மழித்து மடத்துக்கு அனுப்பினார்கள். அரண்மனை மேலாளன் பெப்பினை அரியணையேற்ற போப்பின் சம்மதம் வாங்கினார்கள். பெப்பினின் மகன் சார்லமேன். 800 டிசம்பர் 25 அன்று ரோமில் போப் மூன்றாம் லியோ அவன் தலையில் முடிசூட்டினார். ஜெர்மானியனொருவன் ரோமப் பேரரசன் ஆனான்.

நம் கோயில்களும் நாட்டார் சபைகளும் திறமையில் குறைந்தவையில்லை. நிலம், நீர், கணக்கு எல்லாம் அவற்றின் கையில்தான் இருந்தன. ஆனால் அவை எந்த அரசனையும் முடிசூட்டும் வேலையை ஏற்கவில்லை, எந்த அரசனையும் தாங்கிப்பிடிக்கவும் இல்லை. கல்வெட்டின் தலைப்பில் இராசராசதேவர்க்கு யாண்டு என்றிருந்த இடத்தில் கோப்பெருஞ்சிங்கதேவர்க்கு யாண்டு என்று எழுதினார்கள். பின்னர் சுந்தரபாண்டியதேவர்க்கு யாண்டு என்று எழுதினார்கள். கீழே விளக்குக்கு விட்ட ஆடுகளின் கணக்கு மாறாமல் தொடர்ந்தது. அரசனுக்கு இதனால் பலமில்லை. ஊருக்கு இது எவ்வளவு பெரிய பலம் என்பதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

சேந்தமங்கலத்தில் 1990-களில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. காடவர் கட்டிய ஆபத்சகாயேசுவரர் கோயில் கோட்டைபோலவே நிற்கிறது. போகிறவர்கள் திருநாவலூரையும் சேர்த்துப் பார்க்கலாம். சுந்தரரைப் பெற்ற ஊர், அவரை எடுத்து வளர்த்த நரசிங்க முனையரையரும் இந்த நாட்டுக் குறுநிலத் தலைவர்தான்.

அடுத்த இதழில் தியோடெரிக்கின் அரசவை: காசியோடோருஸ் எழுதிய அரசாங்கக் கடிதங்களும், சிறையில் இருந்தபடி நூல் எழுதி முடித்துக் கொலையுண்ட போயேத்தியுஸும்.

(தொடரும்)